கண்ணாடி ஆச்சி

ஒரு மாதத்தில் வந்துவிடுவதாகச் சொல்லி ஊருக்குப் போன என் மனைவி, மூன்று வருஷமாகியும் வரவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. சண்டைக்கு இரண்டு பேர் பேச வேண்டும். தங்கை கல்யாணம் என்று போனாள். பிறகு மாமனாருக்கு உடம்பு சரியில்லை என்று கடிதம் வந்தது. அப்புறம் மாமியாருக்கு. அதற்கப்புறம் காரணம் எழுதுவதையே அவள் விட்டுவிட்டாள். நானும் கேட்பதை விட்டுவிட்டேன். அவ்வளவு நாகரிகமான தம்பதி.

கல்கத்தாவில் காளிகாட்டுப் பக்கம் ஒரு வங்காளி வீட்டு மாடியில் குடியிருந்தேன். பகலில் வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றில் கடிதங்களுக்குப் பதில் எழுதும் உத்தியோகம். மாலையில் சென்னைப் பத்திரிகைகளுக்கு ஹாஸ்யக் கட்டுரை. முன்பின் தெரியாதவர்களெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதாகப் பத்திரிகைக்காரர்கள் எழுதுவார்கள். மனைவிக்கும் அதே கையால், அதே பாணியில்தான் எழுதினேன். மழையில் டிராம் நின்றது, சமைக்கப் போய் வேஷ்டி முனை பற்றிக்கொண்டது, இப்படி. ஒரு தடவை அவளிடமிருந்து இரண்டு வரி வந்தது: "உங்கள் கடிதத்தை எல்லாரும் படித்துச் சிரித்தோம். பதில் எழுத அதில் ஒன்றும் இல்லை."

அவள் இங்கே இருந்த எட்டு வருஷமும் வீட்டில் நான் பேசியது கொஞ்சம்தான். நல்ல வாக்கியமாக வந்தால் கட்டுரைக்கு ஆகட்டும் என்று சேர்த்து வைத்துவிடுவேன். அவளுக்கு வங்காளியும் வராது. பகல் முழுக்க அந்த மாடியில் அவள் யாரோடு பேசினாள் என்ற கேள்வி, நானே அங்கே தனியாக ஞாயிற்றுக்கிழமைகளைத் தள்ள ஆரம்பித்த பிறகுதான் எனக்குத் தோன்றியது.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் பிடித்ததுதான் கண்ணாடிப் பைத்தியம். படிக்கிற பழக்கம் ஒரு வியாதி. நூல்நிலையத்தில் ஓர் இங்கிலீஷ் மாதப் பத்திரிகையைப் புரட்டியபோது, பிரான்ஸ் தேசத்தில் சிலர் கண்ணாடியைப் பொடித்து, அச்சில் நிரப்பி, சூளையில் வைத்து உருக்கிச் சிற்பம் செய்கிறார்கள் என்று படித்தேன். ஊதிச் செய்த கண்ணாடியின் பளபளப்பு அதற்கு இருக்காதாம். பாதி உறைந்த பால் மாதிரி, வெளிச்சத்தை உள்ளே வாங்கி மெதுவாக விடுமாம். கொழுக்கட்டை அச்சைக் கூட நேராகப் பிடிக்கத் தெரியாத எனக்கு, இது நம்மால் ஆகும் என்று எப்படித் தோன்றியதோ தெரியவில்லை.

ஆதி கங்கைக் கரையில் ஒரு குயவர் இருந்தார். என் வயதுதான். குல்லட் என்கிற மண் டீக்குவளையும் அகலும் சுடுகிற அவருடைய சூளையில் எனக்கு ஒரு மூலை கொடுத்தார். ஒரு வருஷம் முழுக்க நான் அங்கே செய்தவை: மீன் என்று நினைத்துச் செய்த ஒன்று, இலை என்று நினைத்துச் செய்த ஒன்று, எதுவென்று நினைக்காமலே செய்த பல. நீல மருந்துப் புட்டியையும் பச்சை சோடாப் புட்டியையும் கலந்து உருக்கினேன். சூளைக்குள் இரண்டும் ஒன்றாகக் குழைந்து கிடந்தன. ஆறும்போது ஒன்று அதிகம் சுருங்கியது, மற்றது குறைவாகச் சுருங்கியது. நடுவில் விரிசல். அதற்கப்புறம் கரியாஹாட் சந்தையில் ஒரே மாதிரி சோடாப் புட்டிகளாகப் பார்த்துத்தான் பொறுக்கினேன்.

அந்த வருஷம் ஆவணியில் அவளிடமிருந்து கடிதம். "கொலுப் பெட்டியை ரயில் பார்சலில் அனுப்பிவைக்கவும். இந்த வருஷம் இங்கேயே வைக்கலாம் என்று இருக்கிறேன்."

அந்தப் பெட்டி மூன்று வருஷமாக என் கட்டிலுக்கு அடியில் இருந்தது. அவள் அம்மா சீராகக் கொடுத்த பொம்மைகள். ஒரு பெண்பிள்ளை புடவையை விட்டுவிட்டுப் போவாள், பாத்திரத்தை விட்டுவிட்டுப் போவாள், கொலுப் பொம்மையை விட்டுவிட்டுப் போகமாட்டாள் என்று எனக்கு நானே ஒரு சாஸ்திரம் செய்துவைத்திருந்தேன். பெட்டி இங்கே இருக்கிறவரை அவள் வருவாள். பெட்டி போனால், போனதுதான்.

வீட்டுக்காரம்மாளை எல்லாரும் மாஷிமா என்பார்கள், நம்மூர்ப் பெரியம்மா மாதிரி. அவர் மாடிப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"கடிதம் வந்ததே, பௌமா எப்போது வருகிறாள்?" பௌமா என்றால் மருமகள்.

"அடுத்த மாதம், மாஷிமா."

"போன பூஜைக்கும் அடுத்த மாதம் என்றுதானே சொன்னாய்?"

"எங்கள் பஞ்சாங்கத்தில் மாதம் கொஞ்சம் நீளம்."

அவர் சிரிக்கவில்லை. "வேடிக்கை பேசியே வயிற்றை நிரப்பிக்கொள்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அனுப்புவதற்கு முன் பொம்மைகளைச் சரிபார்க்கலாம் என்று பெட்டியைத் திறந்தேன். வைக்கோலை விலக்கியதும் மேலாக இருந்தது செட்டியாரும் ஆச்சியும். கடை போட்டு உட்கார்ந்திருப்பார்களே, அந்த ஜோடி. ஒரு கையில் செட்டியாரும் மறு கையில் ஆச்சியுமாக எழுந்தேன். மூக்குக்கண்ணாடி நழுவியது. அதைப் பிடிக்கப் போன கையில் இருந்தவள் ஆச்சி. நாலு துண்டு.

உடைந்த பொம்மையைக் கொலுவில் வைக்கக்கூடாது. ஆச்சி இல்லாத செட்டியாரையும் வைப்பதற்கில்லை. காளிகாட்டில் மண்பொம்மைக்குப் பஞ்சம் கிடையாதுதான். ஆனால் கிடைத்த பெண்களெல்லாம் வங்காளிக் கட்டுப் புடவையில் மீன் வைத்துக்கொண்டிருந்தார்கள். இதெல்லாம் நான் குயவரிடம் சொன்ன காரணம். உண்மைக் காரணம் வேறு. இந்தப் பெட்டி போய்ச் சேரும்போது அதில் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்க வேண்டும். காகிதத்தில் எழுதினால் அது சிரிப்பாகப் போய்விடும். கண்ணாடியில் எனக்கு ஹாஸ்யம் எழுத வராது.

முதலில் மெழுகில் உருவம். அவள் விட்டுப்போன கொண்டை ஊசியும் ஒரு மூங்கில் சிம்பும்தான் கருவி. அளவுக்காகச் செட்டியாரை எதிரே உட்கார வைத்துக்கொண்டேன். உடம்பு வந்தது, பின்கொசுவம் கூட ஒரு மாதிரி வந்தது. முகத்துக்கு வந்தபோது, கை தானாக என் மனைவியின் முகத்தைச் செய்யப் போயிற்று. அவள் மோவாயில் ஒரு மச்சம் உண்டு. இடதா, வலதா? ஊசியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். கம்பெனியில் பத்து வருஷத்துக் கடிதத்தை எந்த அலமாரி, எந்தத் தட்டு என்று சொல்கிறவன் நான். எட்டு வருஷம் எதிரே உட்கார்ந்து சாதம் போட்டவளின் மச்சம் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. மச்சம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மெழுகைச் சுற்றிப் பாரிஸ் சாந்தையும் செங்கல் பொடியையும் சரிபாதி குழைத்துப் பூசினேன். வெறும் சாந்து சூளையில் வெடித்துவிடும். அது இறுகியதும் ஆவியில் வைத்தால் மெழுகு உருகி ஓடிவிடும், உள்ளே ஆச்சி அளவுக்கு ஒரு வெற்றிடம் மிஞ்சும். அப்புறம் சோடாப் புட்டிகளைச் சாக்கில் சுற்றிச் சம்மட்டியால் அடித்து, இரும்பு உரலில் இடித்து, சல்லடையில் சலித்துப் பிரித்தேன். ரவை ஒரு பக்கம், மாவு ஒரு பக்கம். மாவாக இருக்கிற கண்ணாடி உருகினால் உள்ளே நுண்ணிய காற்று தங்கிப் பால் நிறமாக நிற்கும். ரவை தெளிவாக நிற்கும். முகத்துக்கு மாவு, புடவைக்கு ரவை என்று பிசின் தண்ணீரில் நனைத்து, தூரிகைக் காம்பால் இடுக்கு இடுக்காக நிரப்பினேன். பின்னால் விளக்கு வைத்தால் புடவை வழியாக வெளிச்சம் தாராளமாக வர வேண்டும், முகத்தில் மட்டும் கொஞ்சம் தயங்கி நிற்க வேண்டும். அது ஒன்றுதான் என் நோக்கம். மண்பொம்மைக்கு மேல்தோல் மட்டும்தான் உண்டு. கண்ணாடிக்கு உள்ளே என்று ஓர் இடம் இருக்கிறது.

சூளையின் கண்துளைக்கு நேராக, இரண்டு செங்கல்லின் மேல் ஒரு கண்ணாடிச் சில்லைப் பாலம் மாதிரி வைப்போம். அது சாட்சி. அது தொய்ந்து வளைந்தால், அச்சுக்குள்ளும் குழைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் எவ்வளவு நேரம் எரிப்பது என்பது பழகிய கண்ணின் கணக்கு. போதும் என்று பட்டதும் குயவர் நெருப்பைத் தணித்து, சந்து பொந்தெல்லாம் சேறு வைத்து அடைத்தார்.

"நாலு நாள் தொடக்கூடாது, பாபு. இது மண் இல்லை. மேலே ஆறியிருக்கும், உள்ளே கோபம் இருக்கும்."

பஞ்சாங்கத்தைக் கிண்டல் செய்து நான் எழுதிய கட்டுரை மட்டும் ஏழு தேறும். ஆனால் நாலாம் நாள் அஷ்டமி. அதற்கு மறுநாள் நவமி. அவளுக்குப் போகிற பொருளை அஷ்டமியிலா எடுப்பது? மூன்றாம் நாள் காலை அருமையான முகூர்த்தம். குயவர் சந்தைக்குப் போயிருந்தார். சேற்றைப் பெயர்த்து, இடுக்கியால் அச்சை வெளியே எடுத்தேன். கைக்கு இதமான சூடுதான் அடித்தது. 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. பல்லி சொல்கிறது, சகுனம் நன்றாக இருக்கிறது என்று கூட நினைத்தேன். சாந்தை உடைத்துப் பார்த்தால், ஆச்சி தோளிலிருந்து இடுப்புவரை இரண்டாகப் பிளந்திருந்தாள்.

குயவர் வந்து துண்டுகளைத் திருப்பிப் பார்த்தார். "உங்கள் நேரம் நல்ல நேரமாகத்தான் இருக்கும், பாபு. கண்ணாடிக்குப் பஞ்சாங்கம் படிக்கத் தெரியாதே."

மறுபடியும் மெழுகு, மறுபடியும் சாந்து, மறுபடியும் உரல். இந்த முறை ஐந்து நாள் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. ஆபீஸிலிருந்து சுற்றுவழியில் வீட்டுக்கு நடந்தேன். ஆறாம் நாள் குயவருக்கு ஒழிந்த நேரம் சுத்தமான ராகு காலமாக இருந்தது. திறந்தோம்.

முழுசாக இருந்தாள். மூக்கு கொஞ்சம் கரைந்து மழுங்கியிருந்தது. மோவாயில் இடது பக்கம் மிளகளவு காற்றுக் குமிழ் ஒன்று மாட்டிக்கொண்டிருந்தது. தேய்த்து எடுக்கப் பார்த்தேன். "குழி விழுந்துவிடும், விடுங்கள்," என்றார் குயவர். ஓரங்களை மட்டும் தேய்ப்புக்கல்லில் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன்.

கூட வைக்கக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் வந்தது. சிரிப்பாக இருந்த வரிகளையெல்லாம் அடித்தேன். நாலு வரி மிஞ்சியது. "ஆச்சி என் கையால் உடைந்தது. இது நான் செய்தது. பின்னால் விளக்கு வைத்துப் பார். நீ இல்லாமல் இந்த வீடு நன்றாக இல்லை."

பார்சல் போன அன்று கட்டிலுக்கு அடியில் பெட்டி இருந்த இடம் மட்டும் தூசி இல்லாமல் சதுரமாக இருந்தது. பெருக்கவும் மனசில்லை.

ஊரெல்லாம் பூஜைக்கு டாக் மேளம் கொட்ட ஆரம்பித்தபோது குயவர் படியேறி வந்து, ஒரு துணிப் பொட்டலத்தை நீட்டினார். உள்ளே செட்டியார். அளவு பார்க்கக் கொண்டுபோனவரை, அச்சு உலர்த்தும் பலகையிலேயே மறந்து விட்டிருக்கிறேன். வேண்டுமென்றே செய்ததாகச் சொன்னால் கதை நன்றாக இருக்கும். அவ்வளவு சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. செட்டியாரை அலமாரியில் உட்கார வைத்தேன். ஒன்பது நாளும் நாங்கள் இரண்டு பேர்தான். மாஷிமா ஒரு நாள் எட்டிப் பார்த்து, "இதுதான் உங்கள் பூஜையா? ஒரே ஆளா?" என்றார். எனக்கு ஒரு பதில் வந்தது. சொல்லவில்லை. அவர் ஒரு தட்டில் சந்தேஷ் மிட்டாய் வைத்துவிட்டுப் போனார்.

விஜயதசமி கழிந்து கார்டு வந்தது. "பெட்டி வந்தது. ஆச்சி உடையவில்லை. விளக்கு வைத்துப் பார்த்தேன். எனக்கு மச்சம் வலது பக்கம். செட்டியாரைக் காணோம். பார்சலில் போட வேண்டாம், கையில் கொண்டு வரவும்."

லீவு போட்டேன். செட்டியாரை மடியில் வைத்துக்கொண்டு மெட்ராஸ் மெயிலில் போனேன். கொலுப்படி எடுத்தாகிவிட்டது, ஆச்சி மட்டும் மாடத்தில் விளக்குக்கு முன்னால் இருந்தாள். முகத்தில் வெளிச்சம் தயங்கித்தான் நின்றது.

"மச்சமெல்லாம் வைத்திருக்கிறீர்கள், பக்கம் மாறிப்போச்சு," என்றாள்.

"நான் வைக்கவில்லை. அது காற்றுக் குமிழ். எந்தப் பக்கம் என்று எனக்கு நினைவில்லை."

அவள் விளக்கைக் கையில் எடுத்துத் தன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள். "இப்போ பார்த்துக்கோங்கோ."

வலது பக்கம்தான்.

அவள் கல்கத்தாவுக்கு வரவில்லை. அப்பாவை விட்டு வருவதற்கில்லை என்றாள், அந்த மாடிக்கு மறுபடியும் வர முடியாது என்றும் சொன்னாள். இரண்டும் உண்மை. செட்டியார் அங்கேயே தங்கிவிட்டார், எனக்கு லீவு முடிந்தது. ஆனால் கொலுவுக்கு வருஷம் ஒரு புதுப் பொம்மை வைக்க வேண்டும் என்பது சம்பிரதாயம். வருஷா வருஷம் ஒன்று செய்து, பார்சலில் போடாமல் கையிலேயே கொண்டுபோகிறேன். இந்த வருஷம் ஒரு தயிர்க்காரி, மோவாயில் வலது பக்கம் ஒரே ஒரு மணி கறுப்புக் கண்ணாடி வைத்திருக்கிறேன். சுருக்கம் ஒத்துப்போகுமா என்று தெரியாது. சூளை அடைத்து இன்று மூன்றாம் நாள். காலையில் நல்ல முகூர்த்தம் இருக்கிறது என்று பஞ்சாங்கம் சொல்கிறது. நான் போகாமல் வீட்டில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.