முள்ளின் தலையில் நாலணா

பக்கத்துத் தெரு வாத்தியாரும் நானும் ஜாஸ், ப்ளூஸ் ரெக்கார்டுகளைச் சேர்த்து, ஒருவருக்கொருவர் இரவல் கொடுத்துக் கேட்பவர்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அவர் உயிராக வைத்திருந்த ஒரு ப்ளூஸ் ரெக்கார்டை வாங்கி வந்து போட்டேன். இரண்டாவது பாட்டில் ரெக்கார்டு பிளேயரின் முள் சிக்கிக்கொண்டது. பாடியவர் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப அழுதார். நான்தான் கீறிவிட்டேன் என்று பதறி, ரெக்கார்டை உறையில் போட்டு மூடினேன்.

அவர் வந்தால் நான் ஊரில் இல்லை என்று வீட்டில் சொல்லச் சொன்னேன். தாம்பரம் ஸ்டேஷனில் அவரிடம் மாட்டிக்கொள்வேனோ என்று, அடுத்த ஸ்டேஷனான சானடோரியம் வரை நடந்துபோய் ரயில் ஏறினேன். கொலைகாரன்கூட அவ்வளவு நடந்திருக்க மாட்டான்.

மூன்றாவது வாரம் அவர் மாரடைப்பில் போய்விட்டார்.

ஒரு மாதம் கழித்து, ரெக்கார்டோடு போய் அவர் மனைவியிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டேன்.

"ரெண்டாவது பாட்டா? அது கல்யாணமான புதுசுல, துடைக்கிறேன்னு நான் கீறினதுண்ணா! முள்ளு தலையில நாலணா காசு வெச்சா தாண்டிப் போயிடும். அதைச் சொல்லத்தான் ரெண்டு தடவை உங்க வீட்டுக்கு வந்தார். ஊர்ல இல்லைன்னாங்களாம். எந்த ஊருக்குண்ணா போயிருந்தீங்க?"

சானடோரியத்துக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.