நேராகச் சுடும் பெட்டி

ராயப்பராஜ் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அந்த வீடியோ கேம் பெட்டியை மூக்குவரை தூக்கி, அதன் விளிம்பு வழியாகப் பார்த்தார். துப்பாக்கிக் குழலைச் சோதிக்கிறவரின் பார்வை. திருப்பிப் பிடித்துப் பார்த்தார். காதருகே வைத்து ஆட்டினார்.

"உள்ள எங்கயோ வளைச்சு வச்சிருக்கான் பாப்பா. வெளிய தெரியல" என்றார் என்னிடம்.

நாகல் நகரில் எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு அவருடையது. இருபத்திரண்டு வருடமாகத் திருவிழாக்களில் பலூன் சுடும் கடை போடுகிறார். பச்சைத் துணி போர்த்திய பலகை, வரிசைக்கு எட்டாகப் பலூன், முன்னால் மேசையில் மூன்று ஏர்கன். மூன்றிலும் குழல் நுனியில் இருக்கும் குறி முள்ளைத் தளர்த்தி, கட்டைவிரலால் இடப்பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறார். பலூனைக் குறி பார்த்துச் சுட்டால் குண்டு நாலு விரல் வலப்பக்கம் போய்ப் பலகையில் குத்தும். இதை என்னிடம் சொல்ல அவருக்குக் கூச்சமில்லை. "நேரா இருந்தா நாலு பேரு வந்து அம்புட்டுப் பலூனையும் ஒடச்சுட்டுப் போயிருவாய்ங்க."

ஆகவே மற்றவர்களும் எதையோ ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்பது அவர் முடிவு. காய்கறிக் கடையில் தராசுத் தட்டைத் தூக்கி, அடியில் புளி ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். இளநீர்க்காரர் எடுத்துக் கொடுக்கும் காயை விட்டுவிட்டு அதற்குப் பக்கத்துக் காயைக் கேட்பார். பஸ்ஸில் டிக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். எதைத் தேடுகிறார் என்று அவருக்கே தெரியாது. சர்ச்சில் பூசையின் நடுவே சாமியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தால், "என்னமோ இருக்கு" என்று மனைவி ஆனந்தமேரியின் காதில் சொல்வார்.

இந்த முறை சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. தாடிக்கொம்புத் திருவிழாவின்போது தோப்பில் கடைகளுக்கு இடம் பிரித்துக் கொடுப்பவர் ஒட்டன்சத்திரத்து நாச்சிமுத்து. ராட்டினத்தை ஒட்டிய இடம் எப்போதும் ராயப்பராஜுக்குத்தான். 2008ஆம் வருடத் திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது நாச்சிமுத்து சொன்னார்: "ஏனுங்ணா, அடுத்த வருசம் அந்த எடத்துல வீடியோ கேம் கடை வருதுங்க. கையில வச்சுத் தொட்டாப் போதுமாமுங்க, சுடுதாம். நீங்க கெணத்துப் பக்கம் போயிக்கறீங்களா?" கிணற்றுப் பக்கம் ஆள் நடமாட்டம் கிடையாது. அங்கே போனால் கடையை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அப்படிப்பட்ட பெட்டி ஒன்று என்னிடம் இருந்தது. சிங்கப்பூரில் வாங்கி, நாலு ரயில் பயணத்தில் அலுத்துப்போய், பையின் அடியில் கிடந்தது. உள்ளே சின்னச் சின்னதாக முப்பது சுடும் விளையாட்டுகள். வாத்து, பாட்டில், பறக்கும் தட்டு, பேய். திரையில் குச்சியால் தொட்டால் வெடிக்கும். "குடு, எதிராளியக் கண்ணுல பாத்துக்கிறேன்" என்று ராயப்பராஜ் வாங்கிக்கொண்டார்.

முதல் வாத்தைத் தொட்டார். விழவில்லை. இரண்டாவதும் பறந்துபோனது. பத்துக்கு ஒன்றுதான் தேறியது. "பாத்தியா, வளைச்சிருக்கான். எங்கிட்டயேவா." அன்று முழுக்க அவர் முகத்தில் தன் இனத்தானைக் கண்டுகொண்ட சந்தோஷம்.

ஆனந்தமேரி வெஞ்சனத்துக்கு அவரைக்காய் நறுக்கியபடி பார்த்துக்கொண்டிருந்தார். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பெட்டியை வாங்கினார். விரலாலேயே பத்து வாத்தையும் வீழ்த்தினார்.

"வாத்தத் தொட்டா வாத்து விழுகுது. நீங்க ஏன் எல்லாத்துக்கும் எடப்பக்கமாத் தொடுறீங்க?"

ராயப்பராஜ் தன் கையைப் பார்த்தார். தன் துப்பாக்கியில் பலூனை உடைக்க வேண்டுமென்றால் அவர் நாலு விரல் இடப்பக்கம் தள்ளித்தான் குறி பார்ப்பார். அந்தப் பழக்கம் குச்சியிலும் வந்திருந்தது.

"அப்ப இது நேராவா இருக்கு?"

"நேராத்தான் இருக்கு. ஒங்களுக்குத்தான் அது புடிக்கல."

மறுநாள் இடப்பக்கம் தள்ளுவதை விட்டு நேராகத் தொட்டார். பிறகு ஒன்றும் தப்பவில்லை. சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "ஏலே, வாடா அடுத்தவனே" என்று பேய்களைக் கூப்பிட்டுச் சுட்டார். அவர் சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அன்றுதான். மூன்றாம் நாள், முப்பதும் ஒன்றுதான் என்று கண்டுபிடித்தார். படம் மாறுகிறது, தொடுவது மாறவில்லை. நாலாம் நாள் பெட்டி அலமாரியில் மாத்திரை டப்பாவுக்குப் பின்னால் கிடந்தது.

"தப்பவே மாட்டேங்குது பாப்பா. தப்பாட்டி எவன் மறுபடி வருவான்? ஆனா இதச் சொன்னா நாச்சிமுத்து நம்புவாரா? நானா இருந்தா நம்ப மாட்டேன்."

அதனால் சொல்லாமல், தேருக்கு முந்தின நாள் சாயங்காலம், நானும் கடையில் இருந்தபோது, பெட்டியையே நாச்சிமுத்துவின் கையில் கொடுத்தார். "வெளாண்டு பாருங்க. புடிச்சிருந்தா நானே கெணத்துப் பக்கம் போயிர்றேன்."

நாச்சிமுத்து கடை முன்னால் நாற்காலியைப் போட்டுக் குனிந்தார். "அட, நல்லாருக்குதுங்ணா." கால் மணி நேரம் நிமிரவில்லை. ராயப்பராஜ் துடைத்த துப்பாக்கியையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். அரை மணி ஆனபோது நாச்சிமுத்து தலையைத் தூக்கி ராட்டினத்தைப் பார்த்தார்.

"வேற என்னங்க இருக்குது இதுல?"

"இதேதான். இன்னும் இருவது இருக்கு."

நாச்சிமுத்து பெட்டியை மேசையில் வைத்தார். கை தானாகப் பக்கத்துத் துப்பாக்கியை எடுத்தது. "அந்த மஞ்சப் பலூனுங்க." சுட்டார். பலகையில் குத்தியது. "மயிரிழைங்க." அடுத்ததும் பலகையில். ஐந்தாவது குண்டுக்கு எழுந்து நின்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். அதுவும் தப்பியது. துப்பாக்கியைத் தாழ்த்தி, குழலைப் பார்த்தார்.

"ஏனுங்ணா, இது நேரா இருக்குதுங்களா?"

ராயப்பராஜ் குண்டு போடுவதற்கு என்பதுபோலத் துப்பாக்கியை வாங்கினார். குழலை மடக்கும்போது கட்டைவிரல் குறி முள்ளை வலப்பக்கம் தள்ளி நேராக்கியதை நான் பார்த்தேன். குண்டைச் செருகிவிட்டு நாச்சிமுத்துவின் முகத்தைக் கவனித்தார். அவர் பார்வை குழலில் இல்லை. மஞ்சள் பலூனில் இருந்தது.

"வெரசாக் குடுங்க. பத்து குண்டு ஆனாலும் சரி, அத ஒடைக்காம நான் இங்கிருந்து நகர மாட்டனுங்க."

ராயப்பராஜ் குழலை நிமிர்த்தி, கட்டைவிரலால் முள்ளைப் பழையபடி இடப்பக்கம் ஒதுக்கி, துப்பாக்கியை இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினார்.