மியாஜிமா மானும் வத்தல் மண்டி முருகனும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்று இருபதுக்கு, ஜப்பானில் ஒரு மான் முருகனைத் தின்றுவிட்டது. நேரத்தில் சந்தேகம் வேண்டாம் — அப்போதுதான் கடிகாரத்தைப் பார்த்திருந்தேன்.

பதறாதீர்கள். தின்றது காலண்டர் முருகனை.

சிவகாசியில் பிரஸ் வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவருக்கு நான் இங்கிலீஷ் கடிதங்கள் எழுதித் தருகிறேன். வெளுக்காத சிவப்பு மை தேடி ஜப்பான் புறப்பட்டவர் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். காரணம், விருதுநகர் மிளகாய் வத்தல் மண்டி முதலாளி. அவருடைய காலண்டரில் தையில் சிவந்திருக்கும் முருகனுக்கு ஆடிக்குள் சோகை பிடித்துவிடுகிறது. இந்த வருஷமும் வெளுத்தால் ஆர்டர் வேறு பிரஸ்ஸுக்கு! அவர் 'இந்தச் சிவப்புதான்' என்று ஒப்புக்கொண்ட புரூஃப் தாள் ஒன்றே ஒன்று. திங்கட்கிழமை அதை மை கம்பெனியில் காட்ட வேண்டும்.

ஞாயிறு சும்மாதானே? கம்பெனிக்காரர் எங்களைப் படகில் மியாஜிமா தீவுக்கு அழைத்துப் போனார். தீவே சாமிதானாம். கடலுக்குள் ஒரு சிவப்பு வாசல், கரையில் ஷின்டோ கோயில், மேட்டில் புத்தர் கோயில்கள்... வழியெல்லாம் மான்கள். அண்ணாச்சி புரூஃபையும் சுருட்டி எடுத்து வந்திருந்தார். முதல் தாளைச் சாமி பாதத்தில் வைத்து எடுப்பது எங்கள் பிரஸ் வழக்கம். சாமி எந்த ஊராயிருந்தால் என்ன?

கோயில் வாசலில் எல்லோரும் ஷூவோடு நடந்தார்கள். அண்ணாச்சிக்குத்தான் கால் கூசியது. கழற்றக் குனிந்தார். சாமி படத்தை ஷூவுக்குப் பக்கத்தில் தரையில் வைக்கலாமா? அக்குளில் இடுக்கிக்கொண்டார். சுருள் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது — மானின் வாய்க்குச் சரியான உயரத்தில்.

"ஏலே! விடுலே! சாமிலே அது!"

மான் விடவில்லை. கம்பெனிக்காரர் வந்து, மான் இங்கே தெய்வத்தின் தூதர், அடிக்கக்கூடாது என்றார். அண்ணாச்சியிடம் ஒருமுறை குனிந்து மன்னிப்புக் கேட்டார். மானிடமும் கேட்டாரோ என்று எனக்குச் சந்தேகம்.

"விடுங்க அண்ணாச்சி. வள்ளியைப் பெத்தது மானுதானே? மருமகன் மாமியார் வீட்டுக்குப் போயிருக்காரு."

"சிரிக்கீகளா தம்பி? ஆர்டர் போச்சுய்யா! விருதுநகர்ல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்?"

அக்குளுக்குள் இருந்த அடித்துண்டு மட்டும் மிஞ்சியது. அதில் மண்டியின் பெயர், சிவப்பு எழுத்தில். சாமி போனது, விளம்பரம் பிழைத்தது. உலகம் எப்போது வேறு மாதிரி நடந்திருக்கிறது?

மறுநாள் கம்பெனிக்காரர் அந்தத் துண்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். சிரித்தார். சாமியின் பட்டுக்கும் மண்டியின் எழுத்துக்கும் ஒரே பிளேட், ஒரே சிவப்பு! மாலைக்குள் மை தயார்.

ஊர் திரும்பி, மண்டி முதலாளியிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னோம். கோபிப்பார் என்று நினைத்தோம். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"எம் பேரைத் தொட மானுக்கே தைரியம் வரலே, பாத்தீகளா! ஆர்டர் ஒங்களுக்குத்தான். பேரை மட்டும் இன்னும் பெருசாப் போடுங்க."

"அம்புட்டுப் பெருசாப் போட்டா சாமிக்கு எங்கன மொதலாளி எடம்?" என்றார் அண்ணாச்சி.

"கொஞ்சம் ஒதுங்கி நிக்கச் சொல்லுங்க."

நேற்றுப் புதிய புரூஃப் வந்தது. சிவப்பு அபாரம். முருகன் ஒரு மூலையில் தபால்தலை அளவில் நிற்கிறார். வேல் மட்டும் நல்ல நீளம் — மண்டி பெயருக்கு அடிக்கோடாக!