தலைமாட்டுக் கற்கள்

ஏழு பேருடைய தலைமாட்டுக் கற்களைப் பிடுங்கி ஏலக்காய் உலர்த்தும் என் ஸ்டோருக்குப் படிக்கட்டாகப் போட்டேன். தெரியாமல் செய்ததல்ல. கல்லூரியில் சரித்திரம் படித்தவன் நான்.

ஆனைக்கரைக்கு மேலே, காடு தொடங்கும் சரிவில் எங்கள் தோட்டம். என் தந்தை கம்பத்திலிருந்து மலையேறி வந்து திருத்திய நிலம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அவருக்கு முன்பே அங்கே மலைக்குடிகளான பளியர்கள் வாழ்ந்தார்கள், இறந்தவர்களை அங்கேயே புதைத்தார்கள் என்பதைச் சொல்வதில்லை. மேட்டில் ஏலச்செடிகளுக்கு நடுவே முழங்கால் உயரத்தில் அந்தக் கற்கள் நின்றன.

நிலத்துக்குப் பட்டயம், அதாவது பட்டா, கொடுக்க அதிகாரிகள் அளக்க வரும் சமயத்தில், பழைய கல் கண்ணில் பட்டால் சர்க்கார் இடத்தை எடுத்துக்கொள்ளும் என்று ஒரு பேச்சு கிளம்பியது. பக்கத்துத் தோட்டக்காரர்கள் தங்கள் நிலத்தில் இருந்ததை உடைத்துச் சுவரில் வைத்துக் கட்டினார்கள். எனக்கு உடைக்க மனம் வரவில்லை, படிக்கட்டாக்கினேன். மேடு முழுவதும் குழியெடுத்துப் புதுச்செடியும் நட்டேன்.

என்னிடம் வேலை செய்த பளியர் ஒருவர், என் வயதுக்காரர், அப்போது தேனெடுக்கக் காட்டுக்குள் போயிருந்தார். திரும்பி வந்ததும் நேராக என்னிடம் வந்தார்.

"சார், எங்கப்பன் தலைமாட்டுக் கல்லக் காணோமே."

"மழையில மண்ணு சரிஞ்சிருக்கும்."

அது மாசி மாதம். மழை பெய்து வெகுநாளாகியிருந்தது. அவர் வேலைக்குப் போய்விட்டார்.

பட்டயம் கிடைத்தது. பல வருஷங்களுக்குப் பிறகு, தன் அப்பனுக்குப் பக்கத்தில் தன்னையும் புதைக்க வேண்டும் என்று, அந்த மேட்டுக்கு உரிமை கேட்டு அவர் மனு கொடுத்தார். விசாரிக்க வந்த அதிகாரிகள் அடையாளம் கேட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் செடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மனு தள்ளுபடியானது.

என் மனைவியை மாதா கோயில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்து, கல்லில் பெயர் வெட்டக் கொடுத்துவிட்டு வந்த அன்று, ஸ்டோர் படியில் என்னால் கால் வைக்க முடியவில்லை. அவர் குடிசைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அன்னைக்கே தெரியும் சார். அதான் படியில கால் வைக்காம மூட்டையக் கீழயே எறக்கி வச்சேன். நீங்க சோம்பேறின்னு வைவீங்க."

வைதது உண்மைதான்.

கற்களைப் பெயர்த்து மேட்டில் கொண்டுபோய் வைத்தேன். நடந்ததை எழுதித் தாலுகா ஆபீசில் கொடுத்தேன். மேட்டில் ஐந்து சென்ட் நிலத்தை அவர் பேருக்குப் பதிந்தும் கொடுத்தேன். சாருக்குப் புத்தி பிசகிவிட்டது, நாளைக்கு நம் சுவரையும் பிரிக்கச் சொல்வார் என்று டீக்கடையில் என் காது படவே பேசினார்கள். மேட்டுக்கு வந்த அவர் ஒவ்வொரு கல்லாகப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். படிக்காகக் கொத்தனார் மட்டம் பார்த்துக் கொத்தியதில் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. நட்டுவிடலாமா என்று கேட்டேன்.

"எது யாருதுன்னு தெரியாம எப்பிடி நடுறது?" என்றார்.

போன மழைக்காலத்தில் அவர் இறந்தார். பிள்ளைகள் அவரைக் குடியிருப்புக்குக் கீழே, ஓடைப்பக்கம் புதைத்தார்கள். மேட்டில் இடம் இருக்கிறதே என்று மூத்த மகனிடம் கேட்டேன்.

"அப்பாதான் வேணாம்னாரு சார். தாத்தா எந்தப் பக்கம் கெடக்காருன்னு தெரியல, அவரு மேலயே படுத்திருவேனோன்னு பயந்தாரு."