பளபளவென்று நான் கெடுத்த ரீல்

பழைய தூண்டில் ரீலைப் பிரிப்பதும், கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட தாய்மாமனைச் சமாதானம் செய்வதும் ஒன்றுதான். அவசரப்பட்டால் ஒன்றும் கழலாது. கழன்றுவிட்டால் மறுபடி பொருந்தாது.

தண்டையார்பேட்டையில் ஜமால் பாயின் லேத் பட்டறை வாசலில் எனக்கு ஒரு மேஜை உண்டு. தையல் மெஷின் ரிப்பேர்தான் ஆதித் தொழில். துறைமுகத்துக்கு வந்துபோன கப்பல்காரர்கள் விட்டுச்சென்ற பித்தளை ரீல்கள் இந்தப் பக்கம் நிறைய வீடுகளில் கிடக்கின்றன. தூண்டில் நரம்பைச் சுற்றிவைக்கும் அந்தச் சக்கரங்கள், உப்பு குடித்து இறுகிப்போய் என்னிடம் வந்து சேரும். பிரித்து, துடைத்து, எண்ணெய் போட்டுச் சுற்றவைப்பேன். ஸ்க்ரூடிரைவரை நம்பிப் பிழைக்கும் அன்பர்களே, மிக்ஸியோ கடிகாரமோ, நீங்களும் என்னைப் போல் பட்டிருப்பீர்கள். அந்த ஆறுதலில்தான் சொல்கிறேன்.

போர்டு செய்த வேலை

'பழைய ரீல்கள் ரிப்பேர் செய்யப்படும்' என்று ஆசையாக ஒரு போர்டு எழுதி மாட்டினேன். 'தூண்டில்' என்ற வார்த்தையைப் போட்டிருக்க வேண்டும். இடம் போதவில்லை, விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் வியாசர்பாடியிலிருந்து ஒரு பெண் வந்து நின்றாள். பாக்சிங் பழகுகிறவளாம். மணிக்கட்டில் கட்டுத்துணி, கையில் செல்போன். தான் குத்துவிடுவதைப் படம் எடுத்துப் போடுகிறாளாம், பழைய ரீல்ஸ் எதையும் யாரும் பார்ப்பதில்லையாம், சரிசெய்து தர முடியுமா என்று கேட்டாள்.

நான் மேஜைமேல் பிரித்துப் போட்டிருந்த பல்சக்கரங்களைக் காட்டி, இது மீன் பிடிக்கிற ரீல் அம்மா என்றேன். அவள் ஒரு சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

"உன் ரீலுலயாவது மீனு மாட்டும் அங்கிள். என் ரீலுல ஒரு லைக்கு கூட மாட்ட மாட்டேங்குது!"

மிச்சம் ஒன்று

இதைப் படிக்கிற மெக்கானிக்குகள் நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் பூட்டி முடித்த பிறகு, மேஜைமேல் ஒரே ஒரு ஸ்பிரிங் கிடந்து உங்களைப் பார்த்துச் சிரித்ததில்லையா? என்னைப் பார்த்துச் சிரித்தது. ரீலின் சொந்தக்காரர் வாசலில் நிற்கிறார். ஸ்பிரிங்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, குலதெய்வத்தை நினைத்துக் கைப்பிடியைச் சுற்றினேன். முன்னைவிட நன்றாகச் சுற்றியது! அவர் வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து பிரிக்கும்போதே ஒவ்வொரு கட்டத்தையும் செல்போனில் படம் பிடித்துவிடுகிறேன். ஆனால் அன்றைக்கு என் சட்டைப் பையை ஜமால் பாய் பார்த்துவிட்டார். என்ன சொல்வாரோ என்று குறுகிப்போய் நின்றேன்.

"வுடு மாமு. ஆபரேசன் பண்ற டாக்டரு உள்ள மறந்து வெச்சிட்றாரு, நீ வெளிய மறந்து வெச்சிட்ட. அவருக்கு நீ மேலு."

லுங்கிக்குள் வந்தது

தேவகி காசிமேட்டில் மீன் விற்கிறவள். ஒருநாள் காலை வியாபாரத்தை முடித்துவிட்டு நேராக என் மேஜைக்கு வந்தாள். ஒரு பழைய லுங்கியைப் பிரித்தாள். உள்ளே பச்சை பூத்த பித்தளை ரீல் ஒன்று.

அவள் கணவர் கஜேந்திரன் திருவொற்றியூர் குப்பத்துக்காரர், சொந்த ஃபைபர் படகில் கடலுக்குப் போனவர். நாலு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போய்விட்டன. அன்றிலிருந்து கதவுக்கு நேரே கட்டிலில் உட்கார்ந்து, இந்த ரீலை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருக்கிறாராம். பிடித்த பொருளைக் கையில் கொடுத்துக்கொண்டே இருங்கள், பேச்சு திரும்பலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். பிடித்த பொருள் புதிதாகவே ஆகிவிட்டால் இன்னும் நல்லதுதானே என்பது தேவகியின் கணக்கு. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

"கலீஜெல்லாம் எட்த்துட்டு புதுசு மேரி பண்ணிக் குட்ணா. அத்த பாத்து ஒரே ஒரு வார்த்த அந்த மனுசன் வாய்லேர்ந்து வந்தா போதும், எனுக்கு வேற ஒண்ணியும் வாணாம்."

எமரித் தாள் வீரம்

ஸ்க்ரூக்கள் அசையவே இல்லை. மூன்று நாள் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, தட்டி, கெஞ்சி, ஒவ்வொன்றாகக் கழற்றினேன். உள்ளே காய்ந்த செதிலும் உப்பும் கட்டிக் கிடந்தன. பல் தேய்க்கும் பிரஷ்ஷால் அத்தனையும் சுரண்டினேன். மறக்காமல் நாற்பது படம் எடுத்தேன்.

வெளித் தட்டைப் பார்த்ததும்தான் எனக்குக் கோபம் வந்தது. நல்ல கனத்த பித்தளை. அதில் எவனோ ஆணியால் கன்னாபின்னாவென்று கீறி வைத்திருந்தான். கோடும் கட்டமும், ஒன்றும் விளங்கவில்லை. தேவகிக்குப் புதிது மாதிரி ஆக்கித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேனே! முரட்டு எமரித் தாளால் ஒரு தேய்ப்பு, அப்புறம் நைஸ் எமரி, அப்புறம் பாயின் லேத்தில் கொடுத்து பாலிஷ். கீறல் இருந்த இடம் தெரியவில்லை. அன்று எனக்கு இருந்த கர்வத்தைச் சொல்லி முடியாது.

"இன்னா மாமு, கண்ணாடி கணக்கா கீது! இத்த பாத்துகினே சேவிங் பண்லாம் போலகீதே!"

கட்டைவிரல்

ரீலை வாங்கிக்கொண்டு போன இரண்டாம் நாளே தேவகி திரும்பி வந்தாள். கூட அவள் தம்பி செல்வம். மாமாவின் படகை இப்போது அவன்தான் ஓட்டுகிறான். தேவகி ரீலை மேஜைமேல் வைத்தாள். கண் வீங்கியிருந்தது. கஜேந்திரன் அதை ஆசையாகத்தான் வாங்கினாராம். கட்டைவிரலால் தட்டைத் தடவினாராம். திரும்பத் திரும்பத் தடவினாராம். பிறகு கீழே தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர், சோற்றைக்கூடத் தொடவில்லை.

"இதுல கீறல் இருந்துச்சே, எங்கண்ணா?" என்றான் செல்வம். அழித்துவிட்டேன் என்று அப்போதும் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். கடலுக்கடியில் மீன் கூடும் பாறைக்கு அவர்கள் 'பார்' என்பார்கள். நடுக்கடலில் அந்த இடத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க, கரையைப் பார்த்துத்தான் குறி வைப்பார்கள். எந்தப் புகைக்கூண்டு எந்தக் கிரேனுக்குப் பின்னால் மறைகிறது, கோயில் கோபுரம் எதற்கு நேரே நிற்கிறது என்பது கணக்கு. அப்படி, தாமே கண்டுபிடித்த பாருக்கான குறியை கஜேந்திரன் ரீலில் கீறி வைத்திருந்தார். ஜி.பி.எஸ்.ஸில் ஏற்றினால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று யாரிடமும் சொல்லவில்லை. மச்சானுக்குக்கூடக் கீறலைக் காட்டியதோடு சரி, விளக்கத்தைப் பிறகு சொல்லலாம் என்று வைத்திருந்தார். அதற்குள் வாய் போய்விட்டது.

பேச முடியாத மனிதர், சொல்ல வேண்டியதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்திருக்கிறார். அதை நான் தேய்த்துவிட்டேன். செல்போனில் தேடினேன். நாற்பது படமும் உள்பக்கம். வெளித் தட்டுக்கு ஒன்றுகூட இல்லை.

"கலீஜுன்னு நென்சிகினு எங்க மாமாவோட கடல தொட்ச்சி வுட்டியேண்ணா."

இன்னொரு வாட்டி

மறுநாள் மத்தியானம் ரீலையும், தகட்டில் கோடு போடும் கீறு ஊசியையும் எடுத்துக்கொண்டு திருவொற்றியூருக்குப் பஸ் ஏறினேன். கஜேந்திரன் சுவரைப் பார்த்தபடிதான் இருந்தார். கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தேன். "அண்ணா, அழிச்சது நான்தான். தெரியாம பண்ணிட்டேன். நீங்களே திருப்பிப் போடுங்க" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். தேவகி தூக்கி உட்கார வைத்தாள். ரீலை மடியில் வைத்து, ஊசியை இடது கையில் கொடுத்தேன்.

ஊசி மூன்று தடவை வழுக்கியது. ரீல் ஆடாமல் நான் பிடித்துக்கொண்டேன். தேவகி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். கதவு வழியாகத் தூரத்தில் தெரியும் புகைக்கூண்டுகளைப் பார்ப்பார், யோசிப்பார், கீறுவார். பிள்ளைகள் சிலேட்டில் எழுதுவது போல் கோணல்மாணலாகக் கோடுகள் வந்தன. ஒரு மணி நேரத்தில் ஒரு கிரேன், ஒரு கோபுரம், இரண்டு புகைக்கூண்டு. செல்வம் குனிந்து பார்த்தான். "பழசுல மூணு கூண்டு இருந்துச்சே மாமா" என்றவன், சட்டென்று நிறுத்தி, "அட, அதுல ஒண்ணத்தான் இட்ச்சிட்டாங்களே!" என்றான். படுத்த படுக்கையிலும் மனிதர் கணக்கைத் திருத்தித்தான் வைத்திருந்தார். பழைய கீறல் இருந்திருந்தால் செல்வத்துக்கு அது பயன்பட்டிருக்காது. அவன் செல்போனை எடுத்து நாலு படம் பிடித்தான்.

கோடுகளில் பித்தளைத் தூள் ஒட்டியிருந்தது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். என்னையும் அறியாமல் பையிலிருந்து பாலிஷ் துணியை எடுத்துத் தட்டின்மேல் கொண்டுபோனேன். கஜேந்திரனின் இடது கை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. வாய் ஒரு பக்கமாகக் கோணியது. தொண்டையில் என்னவோ உருண்டது.

"தொ... தொடாத... கய்தே!"

தேவகி வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு அழுகையும் சிரிப்புமாக என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"நாலு மாசமா ஊமையா குந்தினுகீற மனுசன் உன்னிய கய்தேன்னுட்டாருண்ணா! இன்னொரு வாட்டி தொடுண்ணா, உன்ன கும்புட்றேன், இன்னொரு வாட்டி தொடு!"

இத்தனை வருஷத் தொழிலில் எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக என்னைப் பாராட்டியிருக்கிறார்கள். ஆனால் கழுதை என்று பேர் வாங்குவதற்காகவே ஒரு ரீலை நான் ஏழு தடவை தொட்டது அன்றைக்கு மட்டும்தான்.