ஒன்பது படங்களின் கை

என் தாயாரின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, தமது இருபத்தெட்டாம் வயதில் திரைப்படத்துக்குள் நுழைந்தார். ஐம்பத்தொன்றாம் வயதில் வெளியேறினார். அந்தக் காலத்துக்குள் ஒரே உளவாளியைப் பற்றி ஒன்பது படங்கள் வெளிவந்தன. ஒன்பதிலும் ஒரே கதாநாயகன். ஒன்பதிலும் மாமாவும் உண்டு. எதிலும் அவர் முகம் இல்லை, பெயரும் இல்லை. அவருக்கு மனைவி, ஒரே மகள். மனைவி, எங்களுக்கு அத்தை, வீட்டின் முன்னறையில் சலவைக் கடை நடத்தினார். இவ்வளவும் ஐயத்துக்கு இடமில்லாத விவரங்கள்.

அந்தக் கதாநாயகனுக்கு முகம் வாய்த்த அளவுக்குக் கை வாய்க்கவில்லை. விரல்கள் கட்டையானவை, போதாததற்கு நகம் கடிக்கும் பழக்கம். ஆகவே உளவாளி பூட்டைத் திறக்கும்போதும், வெடிகுண்டின் கம்பியை வெட்டும்போதும், எதிரியின் கோப்பையில் மருந்தைக் கலக்கும்போதும் திரையை நிறைத்து நின்றவை மாமாவின் கைகள். அவர் படநிறுவனத்தில் சம்பளப் பட்டியல் எழுதும் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். முதல் படத்தின்போது கையொப்பம் வாங்கப் படப்பிடிப்புத் தளத்துக்குப் போன இடத்தில், ஒளிப்பதிவாளர் பேனாவைப் பார்க்காமல் அதைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தார். அத்துடன் குமாஸ்தா வேலை முடிந்தது.

தளத்தில் அவருக்குக் 'கை' என்றே பெயர்.

"கை வந்தாச்சா? கைக்கு டீ கொடுத்தாச்சா?"

"கைக்கு எதுக்குய்யா டீ? வாய்க்குக் கொடு."

இந்த வேடிக்கை ஒவ்வொரு படத்திலும் நடந்தது. ஒவ்வொரு முறையும் மாமா புதிதாகக் கேட்பவர்போலச் சிரித்தார்.

அந்த வேலைக்கென்று ஒரு முறை உண்டு. படமெடுக்கும்முன் இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிவைத்துக் காத்திருக்க வேண்டும். இரத்தம் கீழிறங்கிவிடும், புறங்கை நரம்புகள் அடங்கும், கை வழவழவென்று தெரியும். விவரம் அறியாதவர்கள், யாரோ துப்பாக்கியை நீட்டி இவரைச் சரணடையச் செய்திருப்பதாக நினைப்பார்கள். நாளடைவில் இது உடம்போடு ஒட்டிக்கொண்டது. பேருந்துக்கு நிற்கும்போதும், மகளின் பள்ளிக்கூட வாசலிலும், தாம் அறியாமலே கையைத் தூக்கிவிடுவார்.

ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் கையில் ஒரு கீறல்கூட விழக்கூடாது. எனவே அவர் கத்தி தொடவில்லை, அடுப்புப் பற்றவைக்கவில்லை, கடையின் இஸ்திரிப் பெட்டியை நகர்த்தியதுமில்லை. இரவில் களிம்பு பூசிப் பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு படுப்பார். மகள் சைக்கிள் பழகியபோது கைகளைப் பின்னால் கட்டியபடி கூடவே ஓடினார். அவள் விழுந்தபோது அத்தையைக் கூப்பிட்டார். "என் மாப்பிள்ளைக்கு ரெண்டு கையும் முடம், ஆனா பார்க்க லட்சணம்" என்று அத்தையின் தகப்பனார் பந்தியிலேயே சொல்லுவார்.

அத்தை இதை ஒரு குறையாகச் சொன்னதே இல்லை. உண்மையில் அந்தக் கைகளுக்கு முதல் காவல் அவர்தான். மாமா எதையாவது தூக்கக் குனிந்தால், "நீங்க தள்ளுங்க" என்பார். திரையரங்கில் அந்தக் கைகள் தோன்றும்போது மகளின் காதருகே குனிந்து, "அப்பா வந்துட்டாரு பாரு" என்பார். கடையின் இரும்பு ஷட்டரைக் காலையில் ஏற்றி இரவில் இறக்குவதும் அவரே.

ஒன்பதாம் படத்துக்குப் பிறகு, இனி உளவாளியாக நடிக்கப்போவதில்லை என்று பழைய கதாநாயகன் அறிவித்தார். புதியவர் ஒருவர் தேர்வானார். அவர் முகம் பொருந்துமா, உயரம் போதுமா, நடை சரியா என்று பத்திரிகைகள் மாதக்கணக்கில் வழக்காடின. கையைப் பற்றி எவரும் எழுதவில்லை. எங்கள் வீட்டிலோ வேறு பேச்சே இல்லை. மாமாவுக்கு வேறு தொழில் தெரியாது. அதைவிட, வேறு எதுவாகவும் தம்மை அவர் எண்ணிப் பார்த்ததில்லை. ஒருநாள் உதவி இயக்குநர் தொலைபேசியில் அழைத்து, வெள்ளிக்கிழமை சோதனைக்கு வரச் சொன்னார்.

"புது ஹீரோ கை எப்படிப்பா இருக்கு?"

"நானே இன்னும் பார்க்கலண்ணே. எல்லாரும் மூஞ்சியத்தான் பார்க்கிறாங்க."

அந்த வாரம் முழுவதும் மாமா பகலிலும் கையுறையைக் கழற்றவில்லை.

ஷட்டரின் சுருள்வில் சில காலமாகவே தளர்ந்திருந்தது. அத்தை அதை ஏற்றி, ஒரு கட்டையால் முட்டுக்கொடுத்து வைப்பார். புதன்கிழமை காலை, துணிக்கூடையை வெளியிலிருந்து உள்ளே தள்ள வாசற்படியில் குனிந்தபோது கூடை கட்டையில் இடித்தது. ஷட்டர் இறங்கி அவருடைய வலக்கையைப் படியோடு சேர்த்து அழுத்தியது. அத்தை வெளியே, கை மட்டும் அடியில். சத்தம் கேட்டு மாமா உள்ளறையிலிருந்து ஓடிவந்தார்.

அடுத்து நடந்ததை மூவர் சொல்லியிருக்கிறார்கள்: அத்தை, மாமா, எதிர்க்கடை முடிதிருத்துபவர். மூவர் சொன்னதும் ஒன்றே. மாமா உட்புறம் மண்டியிட்டார். இடுக்கு வழியாக அத்தையின் விரல்கள் அவருக்குத் தெரிந்தன. தகட்டின் அடி விளிம்பு துருப்பிடித்துப் பிசிறு பிசிறாக இருந்தது. கைகளை அதன் அருகே கொண்டுபோனார். பிறகு எழுந்து உள்ளே போனார்.

"என்னங்க, எங்க போறீங்க?" என்று அத்தை கேட்டது தெருவுக்கே கேட்டது.

அவர் திரும்பி வந்தபோது, பருத்திக் கையுறையின்மேல் ஒரு கையில் தோல் கையுறை இருந்தது, மற்றொன்றை மாட்டிக்கொண்டிருந்தார். அதற்குள் முடிதிருத்துபவர் தெருவைக் கடந்து ஓடிவந்து, வெறுங்கையால் ஷட்டரைத் தூக்கிவிட்டிருந்தார். அவருடைய உள்ளங்கையில் தையல் போட வேண்டியிருந்தது.

மருத்துவமனையில் அத்தையின் மூன்று விரல்களை எடுத்தார்கள். உடனே தூக்கியிருந்தால் விரல்கள் பிழைத்திருக்குமா என்று மகள் மருத்துவரிடம் கேட்டாள்.

"அதத் தெரிஞ்சுக்கிட்டு என்னம்மா செய்யப் போறீங்க?" என்றார் அவர்.

அந்தக் கேள்விக்கு வேறு விடை எங்களிடம் இல்லை. ஆகவே இங்கும் எழுதவில்லை.

சோதனைக்குப் போகப்போவதில்லை என்று மாமா வியாழக்கிழமை இரவு சொன்னார். அத்தை மருத்துவமனைக் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"போங்க. எதுக்காக உள்ள போனீங்களோ, அதுக்காகவாவது போயிட்டு வாங்க."

அவர் போனார்.

சோதனையில் நடந்ததை உதவி இயக்குநர் பின்னர் மகளிடம் சொல்லியிருக்கிறார். விளக்குக்கு அடியில் ஒரு மேசை. மேசைமேல் ஒரு பூட்டு. மாமா வழக்கம்போலக் கைகளை உயர்த்திக் காத்திருந்தார். புதிய கதாநாயகன் வந்து வணங்கினார். "சின்ன வயசுல உங்க கையப் பார்த்துத்தாங்க வீட்டுல இருந்த பூட்டையெல்லாம் கெடுத்தேன்" என்றார். பிறகு தம் கையை மாமாவின் கையருகே நீட்டினார். ஒரு விரல் கோணியிருந்தது. மணிக்கட்டுவரை பழைய தீக்காயத் தழும்பு. நடிக்க வருமுன் அவர் பட்டறையில் வேலை பார்த்தவராம். இயக்குநர் திரையில் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தப் படத்துல உளவாளி ஜெயில்ல கல்லுடைச்சிட்டு வர்றவன். இது வேலையே செய்யாத கை மாதிரி இருக்கே."

"மேக்கப்ல பார்த்துக்கலாம் சார்" என்றார் பழைய ஒளிப்பதிவாளர்.

"வேணாங்க, நானே செஞ்சிடறேன்" என்றார் புதியவர். "என் கையே தெரியட்டும்." குரலில் செருக்கில்லை, பெரியவருக்கு எதற்குச் சிரமம் என்ற மரியாதையே இருந்தது என்று உதவி இயக்குநர் அழுத்திச் சொன்னார்.

எல்லாரும் கலைந்தபின்னும் மாமா கைகளை உயர்த்தியே நின்றார். உதவி இயக்குநர்தான் அருகில் போனார்.

"இறக்கிடலாம்ண்ணே."

மாமா நேரே மருத்துவமனைக்கு வந்தார். என்ன சொன்னார்கள் என்று அத்தை கேட்டார்.

"வேலை செஞ்ச கைதான் வேணுமாம்."

அத்தை தம் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்தார். "அப்ப என்னோடதக் கேட்டிருக்கலாமே" என்றார். அப்பா அன்று வாய்விட்டு அழுததாக மகள் சொல்கிறாள். தானும் அம்மாவும் அழவில்லை என்பதையும் அவளே சேர்த்துச் சொல்கிறாள்.

அதன் பிறகு கடையை மாமா ஏற்றார். ஷட்டருக்குப் புதுச் சுருள்வில் போடப்பட்டது. ஏற்றுவதும் இறக்குவதும் அவர் வேலையாயின. அத்தை நாற்காலியில் அமர்ந்து சொல்லச் சொல்ல, காலர் எது, கைமடிப்பு எது என்று ஐம்பத்தொரு வயதில் இஸ்திரி பழகினார். அத்தைக்குத் தலை வாரினார். புடவைக்கு ஊசி குத்தினார். சோற்றைப் பிசைந்து தட்டை நகர்த்தினார். முதல் மாதத்திலேயே கைகள் முழுவதும் சூட்டுக்காயம். ஒருநாள் பெட்டி விரலில் பட்டு அவர் துள்ளியபோது, அத்தை தணிந்த குரலில் கேட்டார்:

"கையுறை எடுத்துத் தரவா?"

அவர் அந்தச் சட்டையை முடித்தார். அத்தை அதை அதற்குமுன்னும் சொன்னதில்லை, பின்னும் சொன்னதில்லை.

பத்தாம் படம் நன்றாக ஓடியது. பிற்பாடு அது தொலைக்காட்சியில் வந்தபோது கடையிலும் ஓடிக்கொண்டிருந்தது. தழும்பேறிய கை ஒன்று திரை நிறையப் பூட்டைத் திறந்தது.

"என்ன இருந்தாலும் பழைய ஆளு கை மாதிரி வராது" என்றார் சலவைக்குத் துணி கொடுக்க வந்த ஒருவர்.

மாமா நிமிரவில்லை. அத்தைதான் பேசினார்.

"சட்டைக்குக் கஞ்சி வேணுமா, வேணாமா? அதச் சொல்லுங்க."

மகள் தாயைப் பார்க்க வந்தாள், தகப்பனுக்காக வந்ததில்லை. அவர் அன்பற்றவர் என்று எழுத என்னிடம் ஆதாரமில்லை. அந்தக் கைகளைக் காக்கும்படி அவரைப் பழக்கியதில் மனைவிக்கும், எங்கள் குடும்பத்துக்கும், படம் பார்த்துப் பெருமைப்பட்ட எங்கள் எல்லாருக்கும் பங்கு உண்டு. ஆனால் புதன்கிழமை காலையில் எழுந்து உள்ளே போனவர் அவர் ஒருவரே. அதை அவர் ஒருநாளும் மறுத்ததில்லை. அத்தை இறந்தபோது, உடலைக் கிடத்தியிருந்த அறையில், குறைபட்ட அந்த வலக்கையைத் தம் இரு கைகளுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எவரது கை எது என்று பார்த்தவுடன் சொல்வது கடினமாக இருந்தது. மூன்றும் உழைத்துத் தேய்ந்தவையாகவே இருந்தன.

உளவாளிப் படங்களில் மாமாவின் பணி: இருபத்துமூன்று ஆண்டுகள். அதன்பின் அத்தை வாழ்ந்தது: பதினோர் ஆண்டுகள். மாமா தனித்து: நான்கு.