கிளாக்கர் ஐயா வாசிக்காத சேதி

கித்துல்கல பக்கத்துல நான் பால் வெட்டின ரப்பர் தோட்டத்துக்கு கணக்கெழுத ஒரு யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஐயா இருந்தார். கொக்குக் கழுத்து. கொளுத்துற வெயில்லயும் கோட்டைக் கழட்ட மாட்டார். காலையில பேர் பதிய நாங்க பெரட்டுக்களத்துல நின்னா, தொர படிச்சு முடிச்ச பேப்பரை விரிச்சு உலகத்தையே வாசிப்பார்.

முப்பத்தொண்ணாம் வருஷம் பூரா கேட்டோம். ஸ்பெயின் ராஜா நாட்டை விட்டு ஓடிட்டாராம். ஜப்பான்காரன் மஞ்சூரியாவுக்குள்ள பூந்துட்டானாம். கிழிஞ்ச வேட்டியோட நின்னுக்கிட்டு அந்த ராஜாவுக்காக உச்சுக் கொட்டினவன் நான்.

அப்ப பலாங்கொடையில தேயிலைக்கு ஆள் எடுத்தாங்க. “இங்க என்ன கொறைச்சல்?”னு நான் போகல.

வருஷக் கடைசியில ரப்பர் வெலை விழுந்துச்சுன்னு எங்க எல்லார் பேரையும் வெட்டிட்டாங்க. பலாங்கொடைக்கு ஓடினேன். அங்கயும் ஆள் எடுக்கிறதை நிறுத்தியாச்சு.

திரும்பி வந்து கிளாக்கரைக் கேட்டேன். “ஐயா, ரப்பர் வெலை விழுறது பேப்பர்ல வரலிங்களா?”

“ஏன் வராமல்? கிழமைக்குக் கிழமை வந்தது.”

“நீங்க ஒரு நாளும் வாசிக்கலிங்களே?”

“அது தோட்டத்து அலுவலெல்லோ! கூலியாக்களுக்குச் சொல்லலாமோ? உலகத்தைப் பற்றிக் கேள், சொல்லுறன்.”

நாங்க குடியிருந்த லயத்துல என் பொஞ்சாதி மூட்டை கட்டிக்கிட்டிருந்தா. நறுக்குன்னு நாலு வார்த்தை கேக்கணும்னு வாயைத் தொறந்தேன். “சரிங்க ஐயா”ன்னுதான் வந்துச்சு.

அந்த ஆளை நெனைச்சா இன்னைக்கும் காறித் துப்பத் தோணுது. என்ன செய்ய, அந்த “சரிங்க ஐயா”வும் இதே வாயில இருந்துதானே வந்துச்சு.